இரும்பைத் தாங்கும் தூண்
(அரூர்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



நீங்கள் வயலுக்கு இடும் யூரியா, அம்மோனியாவினின்று ஆக்கப்படுவது. அம்மோனியாவோ, காற்றிலுள்ள நைட்ரசன் என்னும் வெடிவளியும் ஐட்ரசன் என்னும் நீர்வளியும் கூடிப் பிறப்பது. வெடிவளியின் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. அக்கட்டை அவிழ்த்துக் கொடுப்பதே வினையூக்கியின் பணி.

1909இல் செருமானிய அறிஞர் பிரிட்சு ஆபர், ஆசுமியம் என்னும் மாழையைக் கொண்டு இதனைச் செய்து காட்டினார். ஆசுமியமோ கிடைத்தற்கரியது. ஆல்வின் மிட்டாசு என்பார் ஆயிரக்கணக்கான கலவைகளை ஆய்ந்தார். தூய இரும்பு விரைவில் சோர்ந்துபோயிற்று. சுவீடன் நாட்டுக் காந்த இரும்புக்கல்லினின்று பெற்ற இரும்போ நன்கு வேலை செய்தது. கல்லில் கலந்திருந்த பிற பொருள்களே அதற்குத் துணை என்பதை அவர் கண்டறிந்தார். 1913இல் ஒப்பாவில் தொழிலகம் இயங்கத் தொடங்கிற்று.

காந்த இரும்புக்கல் நம் தீர்த்தமலையிலும் உண்டு! ஆயினும் அது வெண்கல்லோடு வரிவரியாகப் பின்னிக் கிடப்பது. வெண்கல்லை நீக்காமல் இப்பணிக்கு ஆகாது.

இனி அமைப்பைக் காண்போம். உருக்கிய கல்லில் சிறிதளவு அலுமினாவும் சுண்ணமும் சாம்பலுப்பும் சேர்க்கின்றனர். பின்னர் நீர்வளியைச் செலுத்த, கல்லிலுள்ள உயிர்வளி நீராகி வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற இடமெல்லாம் நுண்டுளை. கட்டி, கடற்பஞ்சுபோல் ஆகிவிடுகிறது. 400 முதல் 500 பாகை வெப்பத்தில் இரும்பின் குறுமணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருக்க முனையும். பருத்தால் பரப்புக் குறையும், பரப்புக் குறைந்தால் விளைச்சலும் குறையும். அலுமினா இடைநின்று அவற்றைப் பிரித்து வைக்கிறது. சாம்பலுப்பின் வேலை வேறு: இரும்புக்கு எதிர்மின்னியை ஈந்து, வெடிவளியின் கட்டைத் தளர்த்துகிறது. இரும்பின் மேற்பரப்பில் நிகழ்வதைப் படிப்படியாக விளக்கிய கெரார்டு எர்ட்டிலுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாங்கி என்னும் பெயர், உருத்தேனிய வினையூக்கியில்தான் முழுமையாகப் பொருந்தும். அங்கே விலைமிக்க மாழைத் துகள்கள் கரியின்மேல் தூவப்பட்டுள்ளன. 1992இல் கனடாவின் கிட்டிமட்டில் இவ்வகை தொழிலுக்கு வந்தது. குறைந்த அழுத்தத்திலேயே அது நன்கு வினைபுரியும். ஆனால் ஓர் இடர்: உருத்தேனியமே தூண்டிவிட, நீர்வளி கரியைத் தின்று மீத்தேனாக்கிவிடும், தாங்கி கரைந்தால் துகள்கள் எங்கே நிற்கும்? அதனாற்றான் கரியை முன்கூட்டியே கடுஞ்சூட்டில் கிராபைட்டாக இறுக்குகின்றனர். மக்னீசியம் முதலியவற்றின் உயிர்வளிச் சேர்மங்களையும் தாங்கியாக ஆய்ந்து வருகின்றனர்.

1971இல் மணலியிலும் 1975இல் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் எழுந்தன. அம்மோனியா ஆக்கத்தில் உலகெங்கும் இன்றும் பெரும்பான்மை இரும்பே. அது மலிவு, நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் உழைக்கும். கந்தகமும் உயிர்வளிச் சேர்மங்களும் அதற்கு நஞ்சு. ஆகவே வளியைத் தூய்மை செய்த பின்னரே உலைக்குள் விடுகின்றனர்.