புல்லுக்கு அடிக்கும் மருந்தும் நூலகத்துக் கட்டுரைகளும்



நூற்றாண்டு விழாவில் விஞ்ஞானம் பற்றி ஓர் உரை வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டதும், இரசாயனவியல் படித்த பழைய மாணவிகள் சிலர் கூடிப் பேசினோம். கொடகவெலக்கு வரும்போதெல்லாம் எங்களிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. "மலையில மருந்தடிச்சா கிட்னி போயிருமாமே, நெசமா புள்ள?" கேட்பவர்கள் வருடக்கணக்காக டாங்கியை முதுகில் சுமந்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டார். வாய்க்கு வந்ததை அவர்களிடம் சொல்ல முடியாது. எழுதப்பட்டதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். எப்படித் தேடுவது என்பதே இன்றைய பேச்சு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் இருக்கும் தங்கைமார் குறிப்பாகக் கேளுங்கள்.

முதல் சிக்கல் பெயர். 1819இல் கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 1827இல் தேயிலையிலிருந்து ஒன்றைப் பிரித்து அதற்குத் தேயீன் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் என்று நிறுவப்பட்டது 1838இல். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒரு பெயரில் தேடுகிறவருக்கு மற்றப் பாதி அகப்படாது. களைநாசினியிலும் இதே கதைதான். போத்தலில் வியாபாரப் பெயர், கட்டுரையில் கிளைபோசேட், இன்னொரு கட்டுரையில் அதன் உப்பின் பெயர்.

1907இல் தொடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ரக்ட்ஸ் என்ற அமெரிக்கத் தொகுப்புச் சேவை பின்னாளில் இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். கஃபீனுக்கு 58-08-2. கிளைபோசேட்டுக்கு 1071-83-6. அதன் ஐசோபுரோப்பைலமீன் உப்புக்குத் தனியாக 38641-94-0. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அதுவாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கஃபீனுக்குப் போட்டுப் பாருங்கள், 52 வரும். அந்தச் சேவையின் சைஃபைண்டர் தரவுத்தளத்துக்குப் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். பப்கெம் இலவசம், கைப்பேசியிலேயே திறக்கும். எண்ணைக் கொடுத்தால் பொருளின் எல்லாப் பெயர்களையும் காட்டும். அந்தப் பெயர்களை வைத்து மற்றத் தளங்களில் தேடலாம்.

கட்டுரை கிடைத்ததும் அது என்ன வகை என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நாடே தடுமாறியது என்பது எங்கள் எண்ணம். 2014இல் ஒரு சர்வதேசச் சுகாதார ஆய்விதழில் இலங்கை ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. கிளைபோசேட், கடின நீர், சிறுநீரகத்தைத் தாக்கும் உலோகங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்குக் காரணமா என்று கேட்டது அது. தலைப்பே கேள்விக்குறியோடுதான் முடிகிறது. அது ஒரு கருதுகோள், அதாவது இப்படி இருக்கலாம் என்ற வாதம். கருதுகோள் எழுதுவது குற்றமில்லை, விஞ்ஞானம் அப்படித்தான் நகரும். ஆனால் பத்திரிகைக்கும் மேடைக்கும் வந்தபோது அந்தக் கேள்விக்குறி விழுந்துவிட்டது.

அதற்கு முந்திய ஆண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு கட்மியத்தைச் சுட்டியிருந்தது. 2015இல் பதவி சிறிபுரவில் நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு, கிணற்று நீருக்கும் களைநாசினிப் பாவனைக்கும் நோயோடு தொடர்பு கண்டது. தொடர்பு என்பது காரணம் அல்ல. அதே 2015இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் கிளைபோசேட்டை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" பிரிவில் சேர்த்தது. சில மாதங்களில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு வாய்ப்புக் குறைவு என்றது. இந்த இரண்டும் பேசுவது புற்றுநோயைப் பற்றி, சிறுநீரகத்தைப் பற்றி அல்ல. ஊரில் எல்லாம் ஒன்றாகக் கலந்தே பேசப்படுகிறது.

மூன்றாவது, கட்டுரைக்குப் பின்னால் வந்தவற்றைப் பார்ப்பது. ஸ்கோபஸ், வெப் ஒஃப் சயன்ஸ், இலவசமான கூகுள் ஸ்கொலர் மூன்றும் ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், மறுத்து எழுதியவரும் அந்தக் கணக்கில்தான் சேருவார். மறுத்தவர்களில் பலர் கேட்டது நம் ஊருக்கு நெருக்கமான கேள்வி: இந்த மருந்தைக் காலங்காலமாக அடித்த தேயிலை மலைகளில் ஏன் அந்த நோய் அப்படிப் பரவவில்லை? ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். மருந்துக் கம்பனியின் பணத்தைச் சந்தேகிப்பவர்கள் எதிர்ப்பக்கத்தையும் அதே கண்ணால் பார்ப்பதுதான் நியாயம்.

2015இல் கிளைபோசேட் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்ந்தது, 2022இல் முழுதாக நீங்கியது. இடையில் மலையில் புல் மண்டியது. வேறு களைநாசினிகள் வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சத்தால் யப்பானில் நம் தேயிலை கேள்விக்குள்ளானது. தடை போட்டபோதும் எடுத்தபோதும், அந்தக் கட்டுரைகளைத் தமிழில் சுருக்கி லயத்து வாசலுக்குக் கொண்டுவந்து யாரும் வாசித்துக் காட்டியதை நாங்கள் கண்டதில்லை. தீர்மானம் யாருடைய நுரையீரலையும் நாட்சம்பளத்தையும் தொட்டதோ, அவர்களுக்கே அது எட்டவில்லை. இந்த ஆற்றாமைதான் எங்களை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே கேட்கும் அம்மாமாருக்கு நாங்கள் இப்போது சொல்வது இதுதான். இந்த மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நிறுவப்படவில்லை. அதற்காகக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அடிக்கலாம் என்று நாங்கள் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லவும் இல்லை. கவசம் கேட்பது உங்கள் உரிமை. வெறும் போத்தலில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

தங்கைமாருக்கு இன்னும் ஒன்று. ஆங்கிலம் என்று அஞ்ச வேண்டாம். முதலில் சுருக்கத்தைப் படியுங்கள், பிறகு நேராக அட்டவணைகளுக்குப் போங்கள், எத்தனை பேரை, எத்தனை கிணற்றைப் பார்த்தார்கள் என்பது அங்கே தெரியும். இலங்கை ஆய்விதழ்கள் பல எஸ்.எல்.ஜோல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேயிலை பற்றியது என்றால் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் இருக்கின்றன, அதன் கிளை இரத்தினபுரியிலேயே உண்டு. பெலிஹுல்ஓயாவிலோ வேறெங்கோ பல்கலைக்கழகம் கிடைத்தால், முதல் வாரத்திலேயே நூலகரிடம் போய் எந்தெந்தத் தரவுத்தளத்துக்குச் சந்தா உண்டு என்று கேளுங்கள். பணம் கேட்டு மூடிவைத்த கட்டுரை என்றால் அதை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பிவைப்பார்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் சங்கத்துக்கு எழுதுங்கள். வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் பல்கலைக்கழக நூலக அட்டை வைத்திருக்கும் அக்காமார் நம்மிடம் இருக்கிறார்கள்.