காலநிலை ஒத்துழைப்பில் இஸ்ரோ: மேகா-ட்ரோபிக்ஸ் முதல் நிசார் வரை

1969 ஆகஸ்ட் 15 அன்று தோன்றி, பெங்களூரு அந்தரிக்ஷ் பவனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ராக்கெட்டுகளுக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் காலநிலை பற்றிய உலக ஒப்பந்தங்கள் எந்த அளவீடுகளை நம்பி எழுதப்படுகின்றனவோ அவற்றைப் பிற நாடுகளோடு சேர்ந்து திரட்டுவதில் அது ஆற்றும் பணி, ஏவுதள வெற்றிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று. இன்றியமையாதவை என வல்லுநர் வகுத்த ஐம்பது காலநிலை அளவைகளுள் 26 விண்ணிலிருந்து மட்டுமே அளக்கத்தக்கவை என்பது 2016ஆம் ஆண்டுப் புதுதில்லிப் பிரகடனத்தின்போது எடுத்துக்காட்டப்பட்டது. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமான சி.என்.இ.எஸ்.ஸும் முன்னின்ற அந்த முயற்சியில், அறுபதுக்கும் மேற்பட்ட விண்வெளி நிறுவனங்கள் தத்தம் தரவுகளை ஒருங்கிணைக்க இசைந்தன. கடினமானது கையெழுத்துக்குப் பின் வரும் வேலைதான்.

அவ்வேலையின் தன்மையை மேகா-ட்ரோபிக்ஸ் தெளிவாகக் காட்டும். 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்த இந்திய-பிரெஞ்சு விண்கலம், துருவங்களின் மேலாகச் செல்லும் வழக்கமான பாதையை விடுத்து, நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றியது. அதனால், சில மணி நேரத்திலேயே திரண்டு கலையும் வெப்பமண்டல மழைமேகங்களை நாளொன்றுக்குப் பலமுறை காண அதற்கு இயன்றது. மழையை அளப்பதற்கென வைத்திருந்த, சென்னையின் பழம்பெயரையே தாங்கிய 'மெட்ராஸ்' என்னும் நுண்ணலைக் கருவி 2013இல் செயலிழந்தபோதும், மூன்றாண்டு ஆயுளுக்கென வகுக்கப்பட்ட கலம் 2021 வரை காலநிலைக் கணிப்புகளுக்குத் தரவு தந்தது. பிறகு, எஞ்சிய எரிபொருளைக் கொண்டு பாதையைப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பெங்களூருவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து இறுதி உந்துதல்கள் தரப்பட, ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள அக்கலம் பசிபிக் பெருங்கடலின் மீது எரிந்து சிதைந்தது; அவ்வாறு இறக்குவதற்கென அது வடிவமைக்கப்பட்டதே இல்லை என்பது பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. எனினும் அதே பாதையில் இரு நாடுகளும் இன்னொரு கலத்தை அனுப்பவில்லை. காலநிலை அறிவியலுக்குத் தொடர்ச்சியே உயிர் என்பதால், இதனைக் கூட்டுறவின் பெருங்குறை என்றே கொள்ளல் வேண்டும்.

2013 பிப்ரவரி 25 அன்று ஏவப்பட்ட மற்றோர் இந்திய-பிரெஞ்சுக் கலமான சரலில், கீழே அனுப்பிய ரேடார் அலை மீண்டு வரும் நேரத்தைக் கொண்டு கடல்மட்டத்தின் உயரத்தைக் கணிக்கும் ஆல்ட்டிகா என்னும் கருவியோடு, ஆர்கோஸ் அமைப்பின் ஏற்பியும் இருந்தது. கடல் மிதவைகளிலும் விலங்குகளின் உடலிலும் பொருத்திய சிறு அலைபரப்பிகளின் சமிக்ஞைகளைப் பெற்று அவை இருக்குமிடத்தைக் கணிப்பதே ஆர்கோஸ். நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் 2012இல் அமூர் வல்லூறுகள் பெருந்திரளாக வேட்டையாடப்பட்டது வெளிப்பட்டு, ஊர்மக்களே வேட்டையைக் கைவிட்டபின், 2013 நவம்பரில் இந்திய வனவுயிர் நிறுவனம் மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்டி எனப் பெயரிட்டு அலைபரப்பி பொருத்தியது. அவை அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சென்ற வழியை அறியத் துணைநின்றது இவ்வமைப்பே. ஒரு பறவையைக் காக்க அது கடக்கும் நாடுகள் அனைத்தும் வேண்டும்.

2014இல் ஒப்பந்தமாகி, 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் ஆளுக்கோர் அலைவரிசை ரேடாரை அளித்து உருவாக்கியது. கலிபோர்னியாவிலிருந்து வந்த ரேடார் தொகுதி பெங்களூருவில்தான் விண்கலத்தோடு இணைக்கப்பட்டது. 12 மீட்டர் விட்டமுள்ள அதன் எதிரொளிப்பான், கூடுதல் வெப்பக் காப்புப் பூச்சுக்காக மீண்டும் அமெரிக்கா சென்று திரும்ப நேர்ந்தது, இத்தகைய கூட்டுப் பணி எவ்வளவு பொறுமையைக் கோருகிறது என்பதை உணர்த்தும். நிலத்தின் சென்டிமீட்டர் அளவு அசைவையும், காட்டின் உயிர்நிறையையும், ஈரநிலத்தின் விரிவையும் 12 நாளுக்கொரு முறை காணும் அக்கலத்தின் தரவுகள் யாவர்க்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதே திட்டத்தின் கொள்கை. ஆகவே கர்நாடக, தமிழகப் பல்கலைக்கழகங்கள் இத்தரவைக் கையாளும் பயிற்சியைத் தம் பாடத்திட்டத்தில் சேர்த்து, பெங்களூருவின் ஏரிகளையும் காவிரிப் படுகையின் நிலத்தடி நீரையும் ஆராய இக்கல்வியாண்டிலேயே முற்பட வேண்டும்.