சொல் போனாலும் மனிதர் இருக்கிறார்
(மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். மருத்துவம் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் பட்ட அனுபவம்தான் தகுதி.

எங்கள் சொந்த ஊர் தீர்த்தமலை. அங்கிருக்கும் என் அண்ணனுக்கு மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தினோம். தண்ணீர் கேட்க நினைத்து வேறு ஏதோ சொன்னால், புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் எதிரிலேயே பேசினோம். படுக்க வைத்தே கஞ்சி ஊட்டினோம். புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கேதான் ஒரு பேச்சு சிகிச்சையாளரைப் பார்த்தோம். மகள் வயதுப் பெண். “சார், அவருக்கு எல்லாம் புரிகிறது. சொல்தான் வரவில்லை” என்றார். அண்ணி அழுதுவிட்டார். மலையில் இருக்கும் தீர்த்தங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார் அந்தப் பெண். “ராமர் தீர்த்தம், கௌரி தீர்த்தம்” என்று அண்ணி தொடங்க, “குமார” என்று அண்ணன் எடுத்தார். ஐந்து வாரம் கழித்து வந்த முதல் சொல் அது.

“வாரத்தில் ஒரு நாள் நான். மற்ற ஆறு நாளும் நீங்கள்தான் சிகிச்சையாளர்” என்று சொல்லி, எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் 1990-களின் இறுதியில் இந்தப் படிப்பைத் தொடங்கியபோது, பிரிட்டன் சிகிச்சையாளர்கள் உதவியிருக்கிறார்கள். வியட்நாமில் 2010-இல் ஆஸ்திரேலியாவின் டிரின் அறக்கட்டளைத் தன்னார்வலர்கள், ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே வேலை செய்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பாடம் நடத்தினார்கள். 2012-இல் 18 பேர் படித்து முடித்தார்கள். வியட்நாம் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். வெளிநாட்டவர் முறையைக் கற்றுத் தரலாம். சொல்லை அந்த ஊர்க்காரர்தான் தர முடியும். எங்கள் அண்ணனுக்குத் தீர்த்தத்தின் பெயர் கைகொடுத்தது போல.

வங்கிக் கணக்கில் சொன்னால், வந்து சிகிச்சை மட்டும் செய்துவிட்டுப் போவது ஒரு நாள் செலவுக்குக் கொடுத்த பணம். நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துப் போவது டெபாசிட்.

நாங்கள் கற்றதை உங்களிடம் வைக்கிறேன். பக்கவாதம் வந்தவரின் விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்வரை வாயில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். பேசும்போது டிவியை அணையுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள்; முந்திக்கொண்டு நீங்களே முடிக்காதீர்கள். சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் வயதானவர்கள் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு சிகிச்சையாளர் ஒருவரை அழைத்து, நமக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கும் பயிற்சி தர ஏற்பாடு செய்யுங்கள்.

அண்ணன் இன்றும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் தினமும் ராத்திரி போனில், “தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். எனக்கு அது போதும்.