ஒரு கீபோர்டும் இரண்டு புரோகிராமும்
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



"ரிட்டயர் ஆனபின் என்ன செய்கிறாய்?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கீரனூரில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். அங்கே நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நார்த்தாமலைப் பூச்சொரிதலுக்காக ஒரு பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் கீபோர்டை அமுக்கினால் பதிவில் ஒன்றும் விழவில்லை. வயரை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஊஹூம்! முதல் நாள்தான் என் மாணவன் ஒருவன் சுரம் எழுதிப் பழகும் புரோகிராம் ஒன்றை அதில் ஏற்றியிருந்தான். "நீ கைவச்சதாலதான் கெட்டுப்போச்சு" என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். "சார், அந்தப் புரோகிராமை மூடிட்டுப் பாருங்க" என்றான். நான் காதில் வாங்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

கீபோர்டு கெடவே இல்லை, நண்பர்களே.

கீபோர்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே. 1983இல் வந்த இந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். நம் குடுமியான்மலைப் பாறையில் ஏழு பண்களுக்குச் சுரம் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதுபோலத்தான். கல்லில் இருப்பது குறிப்பு; வாசிக்க ஆள் வேண்டும்.

அந்தக் குறிப்பை இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டால்? மாக், லினக்ஸ் இரண்டிலும் தகராறு இல்லை. விண்டோஸில் வெகுகாலமாக, முதலில் திறந்த புரோகிராமுக்கே கீபோர்டு சொந்தம். அடுத்தது கேட்டால் கிடையாது. நம் விடுதியில் ஒரே ஆர்மோனியப் பெட்டி இருந்தது ஞாபகமா? நாடகக் குழு எடுத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் பஜனைக் குழு கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அதே கதைதான். பையன் ஏற்றிய புரோகிராம், கம்ப்யூட்டர் போட்டவுடனே தானாக எழுந்து கீபோர்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டாலும் அதுதானே முந்தும்?

இது எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது. தெரிந்த அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா தவில் வாசிப்பவர். "வாங்க சார், உட்காருங்க" என்றார். எனக்கு உட்கார மனம் வரவில்லை. "தப்பு என்னுதுதாம்ப்பா, வந்துடு" என்றேன். "அன்னைக்கே சொன்னேன்ல சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் வந்து அவனே சரிசெய்தான். லூப்மிடி என்ற இலவசப் புரோகிராமில் இரண்டு பொய் வாசல்கள் உண்டாக்கினான். மிடி-ஆக்ஸ் என்ற இன்னொன்று மட்டும் கீபோர்டை நேராகத் திறக்கும். வருகிற குறிப்பை இரண்டு வாசலுக்கும் அனுப்பும். பதிவு ஒரு வாசலில், சுரப் பயிற்சி இன்னொரு வாசலில். பதிவுப் புரோகிராமின் வெளியீட்டை மட்டும் அதே வாசலுக்குத் திருப்பிவிடக் கூடாது. குறிப்பு சுற்றிச் சுற்றி வந்து கம்ப்யூட்டர் திணறிவிடும். விண்டோஸ் 11க்காக மைக்ரோசாஃப்ட் புதிதாக எழுதிய மிடி சேவையில் ஒரே கீபோர்டைப் பல புரோகிராம்கள் பகிரலாம். என்னிடம் இருப்பதோ பழைய பெட்டி.

ஒவ்வொரு சுரமும் இரண்டு தடவை கேட்கிறதே என்றேன். கீபோர்டின் சொந்தக் குரலும் சேர்ந்து ஒலிக்கிறதாம். "லோக்கல் கன்ட்ரோல்" என்பதை ஆஃப் செய்தான். பாட்டும் பூச்சொரிதலுக்கு முன்பே முடிந்தது. இப்போது கம்ப்யூட்டரில் எது நின்றாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறேன்.