கைப்பட்டை காட்டும் உண்மை நிலவரம்



2015ஆம் ஆண்டில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 'நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்' இயக்கத்தைத் தொடங்கியது. அதன்பின் நம்மில் பலர் காலடிகளை எண்ணும் பட்டையைக் கையில் கட்டத் தொடங்கினோம். அந்தப் பட்டை, புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பவருக்கும் உதவும். ஆனால் அவருக்கு அது 10,000 அடிகளை எட்டுவதற்கல்ல.

"பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறீர்கள்?" என்று புற்றுநோய் மருத்துவர் கேட்பார். பதிலைக் கொண்டு நோயாளியின் நிலைக்கு ஓர் எண் கொடுப்பார். 0 என்றால் வழக்கம்போல் நடமாட்டம். 3 என்றால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறது. 4 என்றால் நாள் முழுவதும் அப்படித்தான். கீமோதெரபியைத் தொடரலாமா என்று முடிவு செய்யும்போது இந்த எண்ணையும் பார்ப்பார்கள்.

நாமோ மருத்துவரைப் பார்க்கும் நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். முந்திய நாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். பட்டைக்குள் இருக்கும் சிறு கருவி, உடல் அசைவை இரவும் பகலும் பதிந்து வைக்கும். வாரக் கணக்கைப் பார்த்தால், மாற்றம் தெரியும்.

சில குறிப்புகள்:

• மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுங்கள்.

• வாக்கிங் ஃபிரேமைப் பிடித்து நடந்தாலோ, மிக மெதுவாக நடந்தாலோ பட்டை அடிகளைக் குறைத்துக் காட்டலாம். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• வீங்கிய கையில் பட்டையைக் கட்டாதீர்கள். தோல் சிவந்தால் கழற்றிவிடுங்கள்.

• எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக உடலை வருத்தாதீர்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், எந்த உடற்பயிற்சி ஏற்றது என்று முதலில் கேளுங்கள்.

• சில நாள்களாக நடமாட்டம் குறைந்துகொண்டே வந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவமனையை அழையுங்கள். வலி, இரத்தசோகை, கிருமித்தொற்று, மனச்சோர்வு ஆகியவை காரணமாக இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

• திடீரெனக் கால்கள் வலுவிழந்தால் அல்லது மூச்சு முட்டினால் உடனே 995ஐ அழையுங்கள்.

பராமரிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "இன்று இவ்வளவுதானா நடந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். முடியாத நாளில் அப்பா, அம்மா ஓய்வெடுக்கட்டும். எண்களை மருத்துவரிடம் காட்டினால் போதும்.