"அவங்களாவே போனாங்க" என்ற கதை



நம்ம குரூப்களில் ஒரு ஃபார்வர்டு சுத்துது: "1948-ல பாலஸ்தீனர்கள் அவங்களாவே ஊரை விட்டுப் போனாங்க. அரபுத் தலைவர்கள்தான் ரேடியோவில் போகச் சொன்னாங்க." இது உண்மையா?

1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது. அந்தப் போரில் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்தார்கள். இஸ்ரேலியர்களுக்கு அது விடுதலைப் போர். பாலஸ்தீனர்களுக்கு 'நக்பா', அதாவது பேரழிவு.

ரேடியோ கதையை 1961-லேயே ஒருத்தர் சோதிச்சுப் பார்த்துட்டார். எர்ஸ்கின் சில்டர்ஸ், ஐரிஷ் பத்திரிகையாளர். 1948-ல் அரபு வானொலிகள் பேசியதை பிபிசி கேட்டுப் பதிவு செய்து வைத்திருந்தது. அதைப் புரட்டினார். 'வெளியேறுங்கள்' என்று ஒரு உத்தரவுகூட கிடைக்கவில்லை.

1988-ல் இஸ்ரேலிய வரலாற்றாளர் பென்னி மாரிஸ், இஸ்ரேலின் சொந்த ஆவணங்களை வைத்தே ஊர் ஊராக எழுதினார். பல ஊர்களில் தாக்குதலும் பயமும் காரணம். லித்தா, ராம்லே மக்களை ராணுவமே விரட்டியது. சில கிராமங்களைக் காலி பண்ணச் சொன்னது அரபுத் தரப்பு. அதையும் அவர் மறைக்கலை. எல்லாமே முன்கூட்டிப் போட்ட திட்டமா? ஆமா என்கிறார் இலான் பாப்பே, இல்லை என்கிறார் மாரிஸ். அந்த வாதம் முடியலை.

பிறகு அரபு நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்களும் வெளியேறினாங்க. அதைச் சொல்றதால நக்பா சின்னதாகிடாது. மறைச்சா நம்ம பேச்சுக்குத்தான் மதிப்பு போகும்.

அந்த ஃபார்வர்டு வந்தா கோபத்துல டைப் பண்ணாதீங்க. ஆண்டு, பெயர், ஆவணம், மூணையும் போடுங்க.