வைத்தியம் அவருக்கு

உள்கடன், வட்டி பற்றிப் பேசச் சொன்னால் சரளமாப் பேசுவேன். இன்னைக்கு என் வீட்டு விஷயம். தடுமாறினா பொறுத்துக்குங்க.

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். அதனாலேயே நான் சொன்னதை யாரும் நம்பல. குழுக் கூட்டம் முடிஞ்சு அரைமணி நேரம் தாமதமாப் போனா, "என்னை விட்டுட்டுப் போகப் பாக்குறியா?" என்பார். காலையில் தெய்வம் என்றவர் சாயங்காலம் துரோகி என்பார். கை நீளும். ராத்திரி அழுவார், பிளேடால் தன் கையைக் கீறிக்குவார். அம்மா மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க.

தையல் போடப் போன இடத்தில்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னாங்க. பல தடவை பேசிப் பார்த்துட்டு, 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' கூறுகள் இருக்குன்னார். கைவிட்டுடுவாங்களோ என்ற ஓயாத பயம், நிமிஷத்தில் மாறுகிற மனசு, அடக்க முடியாத கோபம். சின்ன வயசில் அடிபட்டு, கவனிக்க ஆளில்லாம வளர்ந்தவங்ககிட்ட இது அதிகமாம்.

"அப்போ நான் பொறுத்துக்கணுமா டாக்டர்?"னு கேட்டேன். "வைத்தியம் அவருக்கு. அது பலிக்கிறவரைக்கும் நீங்க அடி வாங்கணும்னு இல்லை" என்றார்.

இது இருக்கிற எல்லாரும் அடிக்கிறவங்க இல்லை. பல பேர் காயப்படுத்துவது தங்களைத்தான். இது உள்ள பெண்கள் அடி வாங்கும்போது, "அவ ஒரு மாதிரி"ன்னு நாமே அதை நியாயப்படுத்திடுறோம். நானும் ஒருத்தியை அப்படிச் சொல்லியிருக்கேன். அடிக்கிற ஆம்பளைங்க எல்லாருக்கும் நோயும் இல்லை. என் வீட்டுக்காரரும் முதலாளிகிட்ட ஒருநாளும் கை நீட்டினதில்லையே!

மாத்திரை மட்டும் போதாது, பேச்சுவழிச் சிகிச்சை வேணும். அதில் ஒரு முறையை உருவாக்கினவர் அமெரிக்காவின் மார்ஷா லினெஹான். அவரே இளவயதில் தன்னைக் காயப்படுத்திக்கிட்டு மருத்துவமனையில் இருந்தவர். 2011-ல் அதை வெளிப்படையாச் சொன்னார்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கு. அடி மட்டுமில்லை, கேவலமாத் திட்டுவதும் சம்பாத்தியத்தைப் பிடுங்குவதும் அதில் வரும். வீடு அவர் பேரில் இருந்தாலும் நமக்குக் குடியிருக்க உரிமை உண்டு. பாதுகாப்பு அலுவலர்கிட்ட மனு கொடுக்கலாம். உதவிக்கு 181, மனநலத்துக்கு 14416. பாஸ்புக் அட்டையில் எழுதி வச்சுக்குங்க.

இப்போ வில்லியனூரில் அம்மா வீட்டில் இருக்கேன். பஸ் பிடிச்சுக் கூட்டத்துக்கு வர்றேன். அவர் சிகிச்சைக்குப் போறார். போன வாரம் போன் பண்ணி, "வர்றியா?"ன்னார். "இப்போ இல்லை"ன்னேன். முன்னெல்லாம் போனைத் தூக்கி அடிச்சிருப்பார். "சரி"ன்னு வச்சுட்டார்.